ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை, ஆனாலும் ஆயுசுக்கும் மாத்திரை: எச்.ஐ.வி. எங்கே போய் ஒளிகிறது?

வைகைக்கரை
வணக்கம். எனக்கு ரொம்ப நெருக்கமான ஒருத்தருக்கு எச்.ஐ.வி. உண்டு. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் தருகிற டி.எல்.டி. மாத்திரையை (மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்தது) தினமும் ராத்திரி தவறாமல் போடுகிறார். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்று பார்க்கிற வைரல் லோடு எடுத்தால் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது அகப்படவில்லை என்றுதான் வருகிறது. ஒரு தடவை இல்லை, வருஷக்கணக்காக இதே கதை. இப்போது கேட்கிறார்: “ரத்தத்தில் இல்லைன்னு மிஷினே சொல்லுது. அப்புறம் எதுக்கு மாத்திரை? ஆறு மாசம் நிறுத்திப் பார்த்தா என்ன?”

டாக்டர் “நிறுத்தக் கூடாது, செல்லுக்குள்ள இருக்கும்” என்றார். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அதற்கு மேல் அவரால் பேச முடியாது, புரிகிறது. ஆனால் எந்த செல்? எப்படி இருக்கும்? மருந்து அங்கே போகாதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். “நம்பிக்கையோடு இருங்க” வகைப் பதில் வேண்டாம். அது போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

பிப்பெட்
வைரஸ் ஆராய்ச்சி லேபில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் மருந்து ஆலோசனை சொல்ல மாட்டேன். உயிரியலை மட்டும் சொல்கிறேன்.

மருந்து அந்த செல்லுக்குள்ளும் போகும். போனாலும் அங்கே அதற்கு வேலை இருக்காது.

வைரஸ் ரத்தத்தில் மிதக்கும்போது ஆர்.என்.ஏ. வடிவத்தில் இருக்கிறது. வைரல் லோடு மிஷின் தேடுவது அதைத்தான். சிடி4 வெள்ளணுவுக்குள் நுழைந்ததும் அந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. பிறகு இன்டெக்ரேஸ் என்ற நொதி நம் குரோமோசோமில் ஓரிடத்தை வெட்டி இதை உள்ளே சேர்த்துவிடும். நீளம் சுமார் 9,700 எழுத்து. நம் மரபுத்தொகுப்பு 300 கோடி எழுத்து. சேர்ந்த பிறகு செல்லின் பார்வையில் அதுவும் தன்னுடைய மரபணுதான். செல் பிரிந்தால் அதுவும் கூடவே படியாகும்.

இப்போது டி.எல்.டி.யைப் பாருங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் படியெடுப்பதைத் தடுக்கும். டோலுடெக்ராவிர் குரோமோசோமில் சேர்வதைத் தடுக்கும். ஆக மூன்றும் புது செல் மாட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. மருந்து தொடங்குவதற்கு முன்பே சேர்ந்துபோனதை வெளியே எடுக்கிற மருந்து இதுவரை யாரிடமும் இல்லை.

எந்த செல் என்ற கேள்விக்கு வருகிறேன். கிருமியோடு சண்டை போட எழுந்து நிற்கிற சிடி4 செல்லில் வைரஸ் புகுந்தால் உற்பத்தி அமோகமாக நடக்கும். அந்த செல் ஓரிரு நாளில் செத்தும் போகும். ஆனால் சண்டை முடிந்ததும் எல்லா செல்லும் சாவதில்லை. சில ஓய்வுக்குத் திரும்பி நினைவுச் செல்லாக மாறும். அதே கிருமி பத்து வருஷம் கழித்து வந்தால் அடையாளம் காண்பதற்காக உடம்பு இவற்றைச் சேமித்து வைக்கிறது. அப்படி ஓய்வுக்குத் திரும்பும் நேரத்தில் வைரஸ் உள்ளே சேர்ந்திருந்தால் இரண்டும் ஒன்றாக அடங்கிவிடும். நீண்ட நாள் வாழ்வதற்கென்றே படைக்கப்பட்ட செல். வைரஸ் தேடிப் போய் அமர்ந்தாலும் இதைவிட நல்ல இடம் அமையாது.

வைரஸ் மரபணுவை வாசிக்கத் தொடங்க என்.எஃப். கப்பா பி போன்ற சில புரதங்கள் நியூக்ளியஸுக்குள் வர வேண்டும். ஓய்வில் இருக்கும் செல்லில் அவை வெளியே நிறுத்தப்பட்டிருக்கும். அதோடு வைரஸுக்கு டாட் என்று சொந்தப் புரதம் ஒன்று உண்டு. கொஞ்சம் டாட் உருவானால் அது உற்பத்தியைப் பல மடங்கு தூண்டும், அதனால் இன்னும் டாட் வரும். முதல் துளியே உருவாகாத செல்லில் இந்தச் சுற்று தொடங்குவதே இல்லை. வைரஸ் புரதம் இல்லாததால் செல்லின் மேல்புறத்தில் தடயமும் இல்லை. தொற்றிய செல்லைக் கொல்ல வேண்டிய சிடி8 செல்கள் உரசிக்கொண்டு போனாலும் வித்தியாசம் தெரியாது.

நம்பிக்கை_அக்கா
நான் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகரா இருக்கேன். பிப்பெட் சார் சொன்னதை எங்க ஊர்ப்பக்கம் வர்றவங்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: வயல்ல கோரை முளைச்சா மேல இருக்கிறதை அறுத்துடலாம். வயல் சுத்தமாத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும். மாத்திரைங்கிறது தினமும் அறுக்கிற அரிவாள். விவசாயம் பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கமே தேவைப்படாது.

தம்பி வைகைக்கரை, அந்த ‘நாட் டிடெக்டட்’ங்கிறது பொய் ரிப்போர்ட் இல்லை. அது ரொம்ப நல்ல ரிப்போர்ட். அதோட அர்த்தம் ரத்தத்தில மிதக்கிற வைரஸ் மிஷின் பிடிக்கிற அளவுக்குக் கீழே போயிடுச்சுன்னுதான்.

கரிசல்
அக்கா, கோரைக்கிழங்கு சும்மா கிடக்காது. மண்ணுக்குள்ளயே ஒண்ணு பத்தாகும். அறுத்துக்கிட்டே இருந்தா ஆயுசுக்கும் அறுக்க வேண்டியதுதான். கிழங்கைத் தோண்டி எடுக்கிற மருந்தைக் கண்டுபிடிச்சா அறுக்கிற மருந்து எவன் வாங்குவான்? நாப்பது வருஷமா இந்தக் கதைதானே ஓடுது. கம்பெனிக்காரன் லாபம் இல்லாம எதையும் செய்ய மாட்டான்.

எண்கணக்கு
சதி பேச்சு பிறகு. முதலில் எண் வேண்டும். உடம்பில் இப்படி எத்தனை செல்? எவ்வளவு வேகத்தில் குறைகிறது? தானாகவே குறையும் என்றால் பொறுமையாக இருந்தால் ஒரு நாள் பூஜ்யம் ஆகிவிடாதா?

பிப்பெட்
இதே கணக்கைத்தான் 1990களின் நடுவில் டேவிட் ஹோ என்ற எச்.ஐ.வி. ஆராய்ச்சியாளரின் குழுவும் போட்டது. மூன்று மருந்துக் கூட்டு 1996இல் வந்ததும் வைரல் லோடு சரசரவென்று இறங்கியது. இறங்கிய வேகத்தை வைத்து, மருந்து முழுமையாகத் தடுத்தால் இரண்டு மூன்று வருஷத்தில் வைரஸ் அற்றுப்போகலாம் என்று கணித்தார்கள். கணக்கில் பிழை இல்லை. ஓய்வில் உள்ள செல் அதில் சரியாக இடம்பெறவில்லை, அவ்வளவுதான்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் சிலிசியானோ குழு, அப்படிப்பட்ட செல்களில் வைரஸ் சேர்ந்திருப்பதை 1995இல் காட்டியது. 1997இல் அவர், டக்ளஸ் ரிச்மன், அந்தோனி ஃபௌச்சி என மூன்று குழுக்கள், மருந்தில் இருப்பவர்களின் ரத்தத்திலிருந்து ஓய்வுச் செல்களைப் பிரித்து, லேபில் தூண்டி எழுப்பினார்கள். உயிருள்ள வைரஸ் வெளியே வந்தது.

எத்தனை என்றால், இந்தச் சோதனையில் எழும்புவது ஓய்வில் உள்ள 10 லட்சம் சிடி4 செல்லுக்குச் சுமார் ஒன்று. உடம்பு முழுக்கக் கூட்டினால் ஏறத்தாழ 10 லட்சம் செல். பாதியாகக் குறைய 44 மாதம் ஆகிறது என்று அதே குழு பின்னால் அளந்தது.

எண்கணக்கு
10 லட்சத்தை 20 தடவை பாதியாக்கினால் ஒன்றுக்கு வரும். 20 × 44 = 880 மாதம். 73 வருஷம்! நாற்பது வயதில் மாத்திரை தொடங்குகிறவர் 113 வயது வரை காத்திருக்க வேண்டும்.

பிப்பெட்
ஆமாம், 2003இல் அவர்கள் அச்சிட்ட எண்ணும் அதேதான்: 73. ஆனால் அதுகூட நடப்பதில்லை. 20 வருஷத்துக்கு மேல் மாத்திரை எடுத்தவர்களை அண்மையில் அளந்தபோது, முதல் சில வருஷம் குறைந்தது பிறகு குறையாமல் அப்படியே நிற்பது தெரிந்தது.

ஏன் என்பதற்குக் கரிசல் அண்ணாச்சியே பாதி பதில் சொல்லிவிட்டார். கிழங்கு மண்ணுக்குள்ளேயே பெருகுகிறது. நினைவுச் செல் அவ்வப்போது பிரியும், அதுதான் அதன் இயல்பு. பழைய கிருமியைச் சந்தித்தால் இன்னும் வேகமாகப் பிரியும். உள்ளே இருக்கும் வைரஸ் டி.என்.ஏ.வும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதில் எங்கேயும் புதுத் தொற்று நடக்கவில்லை, அதனால் மருந்து தடுக்க எதுவும் இல்லை. ஒரே நபரின் பல செல்களில் வைரஸ் குரோமோசோமின் அச்சு அசலாக ஒரே புள்ளியில் சேர்ந்திருப்பதை 2014இல் இரண்டு குழுக்கள் காட்டின. தனித்தனியாகத் தொற்றியிருந்தால் அப்படி ஒரே புள்ளியில் விழ வாய்ப்பே இல்லை. எல்லாம் ஒரு தாய்ச் செல்லின் பிள்ளைகள். செல் வளர்ச்சியோடு தொடர்புடைய பாக்2 என்ற மரபணுவுக்குள் வைரஸ் புகுந்த செல்கள் அந்தக் கூட்டத்தில் அடிக்கடி தென்பட்டன. அதாவது சில இடங்களில் வைரஸ் போய் அமர்ந்ததே அந்த செல் பெருகக் காரணமாகியிருக்கலாம்.

என்னைக் கேட்டால் இந்த நோயின் உயிரியலில் மிக மோசமான செய்தி இதுதான். வைரஸ் ஒளிந்திருப்பதைக்கூடச் சமாளிக்கலாம். ஒளிந்தபடியே பெருகுவதை என்ன செய்வது?

நீலகிரி99
எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. ஒரு சந்தேகம், சார். உள்ளே சேர்ந்திருக்கும் வைரஸில் பெரும்பகுதி பழுதடைந்தது என்று படித்தேன். அப்படியென்றால் இவ்வளவு பயம் தேவையா?

பிப்பெட்
பெரும்பகுதி பழுதுதான். சிலவற்றில் பாதி மரபணுவே காணாமல் போயிருக்கும். சிலவற்றை நம் செல்லின் அப்போபெக் புரதம் எழுத்து எழுத்தாக மாற்றிக் குதறியிருக்கும். சிலிசியானோ லேபில் யா-சி ஹோ 2013இல் ஒரு வேலை செய்தார். தூண்டியும் எழாத வைரஸ்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். சுமார் 88 சதவீதம் பழுது. மீதி 12 சதவீதம்? முழுசாக, ஒரு குறையும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தது. அந்தத் தடவை எழவில்லை, அவ்வளவுதான். இவற்றையும் சேர்த்தால் உண்மையான சேமிப்பு, அதாவது எழக்கூடிய வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களின் மொத்தம், பழைய சோதனை காட்டியதைவிட 60 மடங்கு வரை பெரிதாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆகவே வைரஸ் டி.என்.ஏ.வை மட்டும் தேடுகிற பி.சி.ஆர். சோதனையில் எண்ணினால் பழுதும் சேர்ந்து அதிகமாகத் தெரியும். எழுப்பி எண்ணினால் எழாதது விடுபட்டுக் குறைவாகத் தெரியும். “எங்கள் மருந்து சேமிப்பைக் குறைத்தது” என்று யாராவது அறிவித்தால் எதை எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். செய்தித்தாள் தலைப்புகளில் பாதி அங்கேயே அடிபட்டுப்போகும்.

வைகைக்கரை
நன்றி சார். ஓரளவு பிடிபடுகிறது. ஆனால் என் முதல் கேள்வி நிற்கிறது. ஆறு மாசம் நிறுத்தினால் நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு செல் எழும்ப வருஷக்கணக்கு ஆகாதா?

நம்பிக்கை_அக்கா
ஆகாது தம்பி. ஓய்வுச் செல் எங்கேயோ ஒண்ணு எப்பவும் எழும்பிக்கிட்டேதான் இருக்கும். இப்ப எழும்பினா வெளியே வர்ற வைரஸுக்கு அடுத்த செல் கிடைக்காது, மாத்திரை வாசல்ல நிக்குது. மாத்திரை இல்லாதப்ப எழும்பினா கதையே வேற. நிறுத்தினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இரண்டுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள வைரல் லோடு பழையபடி ஏறிடும்.

இதைப் பெரிய அளவுல பார்த்தும் இருக்காங்க. ஸ்மார்ட்னு ஒரு ஆய்வு, 5,472 பேர். ஒரு பாதிப்பேர் விடாம மருந்து. இன்னொரு பாதிப்பேருக்கு சிடி4 எண்ணிக்கை நல்லா இருந்தா நிறுத்துறது, குறைஞ்சா திரும்ப ஆரம்பிக்கிறது. நிறுத்தினவங்க பக்கம் சாவும் நோயும் கூடுதலா வந்ததால 2006 ஜனவரியில அதைப் பாதியில நிறுத்திட்டாங்க. எச்.ஐ.வி. சார்ந்த நோய் மட்டும் இல்ல, இதயம், சிறுநீரகம், ஈரல் பிரச்சினையும் அதிகம்.

இன்னொண்ணும் சொல்லணும். அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தா இது அவரோட உடம்பு விஷயம் மட்டும் இல்ல. ஹெச்.பி.டி.என். 052ங்கிற ஆய்வுல, ஒருத்தருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருக்கிற 1,763 ஜோடிங்க இருந்தாங்க. சென்னையும் அதுல ஒரு மையம். மருந்தை உடனே தொடங்கினா துணைக்குப் பரவுறது 96 சதவீதம் குறையுதுன்னு 2011ல சொன்னாங்க. வைரல் லோடு அடங்கியே இருந்தா உடலுறவு மூலமாப் பரவாதுன்னு பிறகு வந்த ஆய்வுகள்ல உறுதியாச்சு. மாத்திரையை நிறுத்தினா அந்தப் பாதுகாப்பு போயிடும். எந்த நாள்ல போச்சுன்னு அவருக்கே தெரியாது. ரத்தத்தில ஏறும்போது உடம்புல ஒண்ணும் தெரியணும்னு இல்ல.

கரிசல்
அக்கா சொல்றது சரியாத்தான் படுது. ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. முழுசாக் குணமானவங்க இருக்காங்கன்னு பேப்பர்ல போட்டானே, பெர்லின்காரர்னு. அவருக்கு மட்டும் எப்படி?

நீலகிரி99
டிமதி ரே பிரவுன். அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்காக 2007, 2008இல் பெர்லினில் ஸ்டெம் செல் மாற்று செய்தார்கள். மருத்துவர் கெரோ ஹியூட்டர், செல்லின் மேல்புறத்தில் இருக்கும் சிசிஆர்5 என்ற ஏற்பியே இல்லாத கொடையாளியைத் தேடி எடுத்தார். எச்.ஐ.வி. உள்ளே நுழைய சிடி4 மட்டும் போதாது, பெரும்பாலான வகைகளுக்கு சிசிஆர்5உம் வேண்டும். பழைய வெள்ளணுக்கள் போய், கதவே இல்லாத புது வெள்ளணுக்கள் வந்தன. 2020 செப்டம்பரில் அவர் இறந்தது புற்றுநோய் திரும்ப வந்ததால், எச்.ஐ.வி.யால் இல்லை. லண்டன், டசல்டார்ஃப் என்று இன்னும் சிலர் அதே வழியில் குணமானார்கள்.

ஆனால் இது புற்றுநோய்க்காக எடுக்கும் சிகிச்சை. மாற்று சிகிச்சையிலேயே இறப்பவர்கள் உண்டு. தினம் ஒரு மாத்திரையில் நன்றாக இருப்பவருக்கு எந்த மருத்துவரும் இதைச் செய்ய மாட்டார். சிசிஆர்5 மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானவர்கள் வட ஐரோப்பியரிலேயே நூற்றுக்கு ஒருவர்தான். நம் நாட்டில் மிக மிக அபூர்வம்.

பிப்பெட்
பிரவுன் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பாடம் தந்தது பாஸ்டன் நோயாளிகள் இருவர். அவர்களுக்கும் மாற்று நடந்தது, ஆனால் கொடையாளிகள் சாதாரண சிசிஆர்5 உள்ளவர்கள். மாற்றுக்குப் பிறகு எந்தச் சோதனையிலும் வைரஸ் டி.என்.ஏ. அகப்படவில்லை. 2013இல் மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில் திரும்பியது. இன்னொருவருக்கு 32 வாரம்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யோடு பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோனது. 27 மாதம் எதுவுமே இல்லை, உலகமே கொண்டாடியது. 2014இல் வைரஸ் திரும்பிவிட்டது. எத்தனை செல் மிச்சமிருந்திருக்கும் நினைக்கிறீர்கள்? விரல்விட்டு எண்ணக்கூடிய அளவாகக்கூட இருந்திருக்கலாம். அவற்றில் ஒன்று 27 மாதம் கழித்து எழுந்திருக்கிறது.

வைகைக்கரை, “நாட் டிடெக்டட்” பற்றி உங்கள் உறவினருக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அங்கே தேடியது ஆஸ்பத்திரி வைரல் லோடு மிஷின் மட்டும் அல்ல, உலகின் மிக நுண்ணிய லேபுகள். அவற்றுக்கே தெரியவில்லை.

எண்கணக்கு
சரி, எல்லாவற்றையும் வேண்டுமென்றே எழுப்பிவிட்டுக் கொன்றால் என்ன? மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தால் புதுத் தொற்றும் நடக்காதே.

பிப்பெட்
‘எழுப்பிக் கொல்’ என்றே அதற்குப் பெயர். வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தை டேவிட் மார்கோலிஸ் குழு எச்.ஐ.வி. உள்ள 8 பேருக்குக் கொடுத்து 2012இல் வெளியிட்டது. டி.என்.ஏ. இறுக்கமாகச் சுற்றப்பட்டிருப்பதை அந்த மருந்து தளர்த்தும். வைரஸ் ஆர்.என்.ஏ. உற்பத்தி சராசரியாக 4.8 மடங்கு கூடியது, ஆக எழுந்தது உண்மை. ஆனால் சேமிப்பு குறையவில்லை. எழுந்த செல் தானாகச் சாகவில்லை, கொல்ல வேண்டிய சிடி8 செல்களும் வருஷக்கணக்காக எதிரியைப் பார்க்காமல் மந்தமாகிவிட்டன. தடுப்பூசியையும் சேர்த்து இங்கிலாந்தில் ரிவர் ஆய்வில் முயன்றார்கள். 2020இல் முடிவு: வித்தியாசம் இல்லை.

நிணநீர்க் கணுக்களில் இன்னொரு சிக்கல். அங்கே பி செல்கள் கூடியிருக்கும் நுண்ணறைகளுக்குள் இருக்கும் சிடி4 செல்களிலும் வைரஸ் உண்டு. சிடி8 செல்கள் அந்த நுண்ணறைகளுக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. எழுப்பினாலும் கொல்ல ஆள் அங்கே இல்லை.

நீலகிரி99
மூளையில் உள்ள மேக்ரோஃபேஜ் வகைக் காவல் செல்களை விட்டுவிட்டீர்களே, சார். அவற்றில் ஒன்றான மைக்ரோகிளியாவும் சேமிப்புதானே?

பிப்பெட்
உண்டு, மருந்தில் இருந்தவர்களின் மைக்ரோகிளியாவிலிருந்தும் எழக்கூடிய வைரஸை எடுத்திருக்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை. மருந்தை நிறுத்தும்போது திரும்பி வருவதில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் எங்கள் துறையிலேயே அடிதடி நடக்கிறது. நான் சிடி4 நினைவுச் செல் கட்சி.

எனக்கு ஆசை காட்டுவது வேறு ஒன்று. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் மிகச் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் செல்களை 2020இல் வாசித்தபோது, முழுசான வைரஸ்கள் மரபணுக்களே இல்லாத வறண்ட பகுதிகளில்தான் அதிகம் மாட்டியிருந்தன. எழும்ப முடியாத இடம். வைரஸே அங்கே தேடிப் போய்ச் சேரவில்லை. எழும்பக்கூடிய இடத்தில் இருந்ததையெல்லாம் அவர்களின் சிடி8 செல்கள் வருஷக்கணக்காகத் தின்று தீர்த்துவிட்டன, மிஞ்சியது இது என்றுதான் விளக்குகிறார்கள். அப்படியென்றால் கடைசிச் செல் வரை கொல்லத் தேவையில்லை, எழக்கூடியவற்றை மட்டும் ஒழித்தால் போதும். எங்களில் பலர் இப்போது இதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறோம்.

கரிசல்
ஆராய்ச்சி எல்லாம் சரி சார். கம்பெனி விஷயம்?

நம்பிக்கை_அக்கா
அண்ணாச்சி, நான் 2004க்கு முன்னாடி தாம்பரம் சானட்டோரியத்தைப் பார்த்தவ. ஏப்ரல் 2004ல அரசாங்கம் இலவச மருந்து தொடங்கினப்போ முதல் மையங்கள்ல அதுவும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி வெளிநாட்டுக் கம்பெனி மருந்து ஒருத்தருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல. 2001ல நம்ம சிப்லா 350 டாலருக்குத் தர்றோம்னு சொன்னப்பதான் உலகத்துல விலையே இறங்குச்சு. கம்பெனி மேல கோபப்பட வேண்டிய காரணம் நிறைய இருக்கு. அதுக்காக கோரைக்கிழங்கு மருந்தைப் பெட்டியில பூட்டி வெச்சிருக்கான்னு சொல்லி ஒருத்தரை மாத்திரையை நிறுத்த வெச்சுடாதீங்க. அப்படி நிறுத்திட்டு, “முழுசாக் குணமாக்குறேன்”னு லேகியம் கொடுத்தவர்கிட்ட போய், எலும்பும் தோலுமாத் திரும்பி வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

கரிசல்
நிறுத்தச் சொல்லல அக்கா. சந்தேகப்படுறது என் உரிமை, அதை விட மாட்டேன்.

வைகைக்கரை
முழு இழையையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். 73 வருஷக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். பாஸ்டன் கதைக்குச் சிரிக்கவில்லை. மாத்திரை தொடரும் என்கிறார். இரண்டு கேள்வி கொடுத்திருக்கிறார். ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கிறதாமே, அது செல்லுக்குள் இருப்பதை எடுக்குமா? இன்னொன்று, வேலைக்குத் திருப்பூர் போகிறார், மாத்திரையை அங்கே வாங்க முடியுமா?

பிப்பெட்
லெனகாபவிர். வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் உள்கூடான கேப்சிட்டைப் பிடிக்கிற மருந்து. புதுமையான வழி, ஆனால் வேலை அதேதான்: புதுச் செல் மாட்டாமல் தடுப்பது. ஏற்கெனவே சேர்ந்த டி.என்.ஏ.வை அதுவும் தொடாது. அதன் பெரிய வெற்றி, தொற்று இல்லாதவர்களுக்கு வராமல் தடுத்ததில்.

நம்பிக்கை_அக்கா
திருப்பூர் போறதுக்கு முன்னாடி இப்ப வாங்குற சென்டர்லயே சொல்லச் சொல்லுங்க. அங்க உள்ள சென்டருக்கு டிரான்ஸ்ஃபர் எழுதித் தருவாங்க. கொஞ்ச நாள் வேலைன்னா, லோடு அடங்கி இருக்கிறவங்களுக்குச் சில மாச மாத்திரையைச் சேர்த்தே தர ஏற்பாடு உண்டு, கேட்டுப் பார்க்கட்டும். அவரோட ஏ.ஆர்.டி. புத்தகத்தைக் கையோட எடுத்துட்டுப் போகணும். கையில இருக்கிறது தீர்ந்த பிறகு தேட வேண்டாம், ஒரு வாரம் முன்னாடியே போகச் சொல்லுங்க.